எஃகுக்கு முன்னால் துணி



ஐரோப்பாவின் இடைக்காலப் போர்களை மீண்டும் நிகழ்த்திக் காட்டும் குழுக்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. அவற்றில் சேர நினைப்பவர்கள் கவசத்தையும் மற்றத் தளவாடங்களையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். உங்களில் சிலர் ஏற்கெனவே ஒரு குழுவில் பெயர் கொடுத்துவிட்டீர்கள், ஓரிருவர் வாளே வாங்கிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் வாள் கடைசியில் வாங்க வேண்டிய பொருள். முதலில் வாங்க வேண்டியது சட்டை. இந்த வரிசையை நீங்கள் மனத்தில் ஏற்றிக்கொண்டால் நான் வந்த காரியம் முடிந்தது.

சும்மா சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் உங்களை ஒரு புதைகுழிக்கு அழைத்துப் போகிறேன்.

பால்டிக் கடலில் கோட்லாந்து என்று ஒரு தீவு. இன்று சுவீடனைச் சேர்ந்தது. அதன் பெரிய ஊர் விஸ்பி. 1361ஆம் ஆண்டு ஜூலை மாதம் டென்மார்க் மன்னன் நான்காம் வால்டெமார் படையோடு வந்து இறங்கினான். 27ஆம் தேதி நகர மதிலுக்கு வெளியே தீவின் குடியானவர்கள் அவனை எதிர்த்து நின்றார்கள். எதிரே வந்தது போரையே தொழிலாகக் கொண்ட படை. குடியானவர்களில் பலர் கிழவர்கள், பலர் மீசை முளைக்காத பையன்கள். அன்று கோட்லாந்துக்காரர்கள் ஆயிரத்து எண்ணூறு பேர் வரை மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். செத்தவர்களின் கவசத்தைக் கழற்றி எடுத்துக்கொள்வது வென்றவர்களின் வழக்கம். கவசம் விலை மிக்க சரக்கு. ஆனால் கோடை வெயிலில் உடல்கள் வேகமாக அழுகத் தொடங்கியதால் பலரைப் போட்டிருந்த கவசத்தோடே குழியில் தள்ளி மூடினார்கள் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

1905இல் தொடங்கி 1930 வரை வெவ்வேறு காலத்தில் அந்தக் குழிகளைத் தோண்டினார்கள். 1,185 பேரின் எலும்புகள் எண்ணப்பட்டன. பெங்ட் தோர்டெமான் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் அந்தக் கவசங்களைப் பற்றி எழுதிய பெரிய நூல் 1939–40இல் வெளிவந்தது. இடைக்காலக் கவசம் பற்றி அக்கறையோடு படிக்க விரும்பும் யாரும் அந்த நூலைத் தாண்டிப் போக முடியாது. சங்கிலி வளையங்களால் ஆன முக்காடு மண்டையோட்டோடு துருப்பிடித்து ஒட்டிக்கிடக்கும் அந்தப் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அது விஸ்பி குழியிலிருந்து வந்தது. பார்க்கும்போது அது ஒரு மனிதனின் முகம் என்பதை மறக்காதீர்கள். நாம் நிகழ்த்திக் காட்டுவது அவனுடைய கடைசி நாளை.

இருபத்தைந்து கவசங்களின் எச்சம் அங்கே கிடைத்தது. பெரும்பாலானவை நாம் படத்தில் பார்க்கும் பளபளக்கும் மார்புத் தகடு அல்ல. தடித்த துணியாலோ தோலாலோ ஆன ஒரு மேலங்கி. அதன் உட்புறத்தில் இரும்புத் தகடுகளை வரிசையாக வைத்து ரிவெட் அடித்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் துணியும் ரிவெட்டுத் தலைகளும் மட்டும்தான் தெரியும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் துணி மட்கிப் போய்விட்டது. ஆனால் தகடுகள் பிணத்தின் மேல் இருந்த ஒழுங்கிலேயே மண்ணுக்குள் கிடந்தன. ரிவெட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் உள்ள இடைவெளியை அளந்து அங்கே இருந்த தோல் எவ்வளவு தடிப்பு என்று கணக்கிட முடிந்தது. இவற்றில் பல கவசங்களுக்குக் கட்டு முதுகுப் பக்கம். தானாகப் போட்டுக்கொள்ள முடியாது. பின்னால் நின்று வாரை இழுத்துப் பக்கிளில் மாட்ட ஓர் ஆள் வேண்டும். யாரோ ஒரு தம்பியோ மகனோ பக்கத்து வீட்டுக்காரனோ அன்று காலை அந்த வார்களை இழுத்து மாட்டியிருக்கிறான்.

எலும்புகள் சொன்ன செய்தி இன்னொன்று. உடலில் வெட்டு விழுந்த இடங்களில் மிகப் பெரும்பங்கு காலில், அதுவும் முழங்காலுக்குக் கீழே. மார்பைக் கவசம் காத்தது, தலையை ஓரளவு முக்காடு காத்தது. காலுக்கு ஒன்றும் இல்லை. எதிரி அங்கேதான் வெட்டினான். கவசம் வாங்குகிறவன் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்தே கிடைக்கிறது. எது அழகாக இருக்கிறது என்று கேட்காதீர்கள். என் உடம்பில் எங்கே அடி விழப்போகிறது என்று கேளுங்கள்.

இப்போது உங்கள் பக்கம் வருகிறேன். ஒரு காசு செலவழிப்பதற்கு முன்னால் மூன்றை முடிவு செய்யுங்கள்: எந்த ஆண்டு, எந்த ஊர், எந்த நிலையில் இருந்த மனிதன். "இடைக்காலம்" என்று ஒரு காலம் கடையில் இருக்கிறது, வரலாற்றில் இல்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளை அந்த ஒரு சொல்லுக்குள் அடைத்திருக்கிறோம். 1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் நின்றவனும் 1415இல் அஜின்கோர்ட் போரில் நின்றவனும் சந்தித்தால் ஒருவன் உடையை மற்றவன் வேற்றுநாட்டு விந்தையாகப் பார்த்திருப்பான். கொம்பு வைத்த வைக்கிங் தலைக்கவசம் தெரியுமா? 1876இல் இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகத்துக்கு உடை வடிவமைத்தவர் பரப்பிய கோலம் அது. நார்வேயில் ஜெர்முண்ட்பூ என்ற இடத்தில் 1943இல் கண்டெடுத்த உண்மையான வைக்கிங் கால இரும்புத் தொப்பியில் கொம்பு கிடையாது. எஃகு ஆயுதத்தோடு முழு வேகத்தில் மோதும் போட்டிகளில்கூட ஒருவனுடைய கவசம் முழுக்க ஒரே வட்டாரத்தையும் ஐம்பது ஆண்டு எல்லைக்குள் அடங்கும் ஒரே காலத்தையும் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். நல்ல விதி. ஒரு காலத்தின் கவசத்தில் ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டோடு சேர்ந்து வேலை செய்ய உருவானது. தோள் ஒரு நூற்றாண்டிலிருந்தும் மார்பு இன்னொரு நூற்றாண்டிலிருந்தும் வந்தால் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விழும். அடி அந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கும்.

எந்த ஆதாரத்தை நம்புவது? அடுத்த குழுக்காரன் போட்டிருப்பதை நம்பாதீர்கள். அவன் இன்னொருவனைப் பார்த்துப் போட்டிருப்பான். இத்தாலியின் வடக்கு எல்லையில், தென் டிரோலில், சுர்பர்க் என்ற கோட்டை இருக்கிறது. அங்கே ஒரே குடும்பத்தாரின் கவசங்கள் தலைமுறை தலைமுறையாக அதே கோட்டைக்குள் காக்கப்பட்டு இன்றும் நிற்கின்றன. அங்குள்ள பதின்மூன்றாம் எண் கவசம் பதினான்காம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. ஒன்பது தகடுகளைச் சேர்த்து மார்பை மூடியிருக்கிறார்கள், ஓரமெல்லாம் பித்தளைப் பட்டை. இங்கிலாந்தின் கேண்டர்பரி பேராலயத்தில், 1376இல் இறந்த, கறுப்பு இளவரசர் என்று அழைக்கப்படும் ஆங்கில இளவரசரின் கல்லறைக்கு மேலே தொங்கவிட்ட அவருடைய தலைக்கவசமும் கையுறைகளும் மெத்தைத் தையல் அங்கியும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது வார்விக் நகரின் புனித மேரி ஆலயத்தில் உள்ள ரிச்சர்ட் போஷாம் பிரபுவின் வெண்கல உருவம். மல்லாந்து படுத்திருக்கும் உருவம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சார்லஸ் ஸ்டோத்தார்ட் என்ற ஓவியர் அதைப் புரட்டிப் பார்க்க வைத்தபோது, யாரும் காணப்போகாத முதுகிலும் கவசத்தின் ஒவ்வொரு வாரும் பக்கிளும் கீலும் முறையாக வார்க்கப்பட்டிருந்தன. அந்தக் கைவினைஞன் நமக்கு முதுகுக் கட்டின் பாடத்தை விட்டுப் போயிருக்கிறான்.

இனி சட்டை. பிரான்சின் லியோன் நகரத் துணி அருங்காட்சியகத்தில் சார்லஸ் டி பிளுவா பிரபுவினுடையது என்று கருதப்படும் ஒரு மேற்சட்டை இருக்கிறது. 1364இல் ஓரே என்ற இடத்துப் போரில் இறந்தவர் அவர். பொன்னிழை ஓடும் பட்டில் சிங்கமும் கழுகும் நெய்திருக்கும். அந்தப் பட்டை விட்டுவிடுங்கள், கைக்குழியைப் பாருங்கள். நம் சட்டையில் கை இணைவது தோள் விளிம்பில். அந்தச் சட்டையில் கைக்குழியை மார்பிலும் முதுகிலும் வெகு உள்ளே வரை வட்டமாக வெட்டி, அக்குளில் முக்கோணத் துண்டுகள் கொடுத்துத் தைத்திருக்கிறார்கள். இதனால் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாலும் சட்டையின் இடுப்பு மேலேறுவதில்லை. இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைக்கலாம். கால் கவசம் தொங்குவது இதே மாதிரி வெட்டித் தைத்த உள்சட்டையில்தான். இடுப்பை இறுகப் பிடித்த சட்டையின் கீழ் விளிம்பில் துளைகள் இருக்கும். அவற்றில் நாடா கோத்துத் தொடைக் கவசத்தைக் கட்டுவார்கள். கையை ஓங்கும்போது சட்டை மேலேறினால் கால் கவசமும் சேர்ந்து இழுபடும், எடை இடுப்பை விட்டுத் தோளுக்கு வரும், அரை மணி நேரத்தில் கழுத்து மரத்துப்போகும். தையற்காரன் அக்குளில் செய்த வேலை முழங்கால் மூட்டைக் காப்பாற்றுகிறது.

நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் பதினைந்தாம் நூற்றாண்டு ஆங்கிலக் கையெழுத்துப்படி ஒன்று இருக்கிறது. தரையில் நின்று போரிடப்போகும் ஒருவனுக்கு எப்படிக் கவசம் பூட்டுவது என்று அதில் வரிசையாகச் சொல்லியிருக்கிறது. அது தொடங்குவதே துணியில். உள்ளே வேறு சட்டை போடக் கூடாது. சாட்டின் உள்துணி வைத்த இறுக்கமான அங்கி. அதில் காற்றுப் போக நிறையத் துளைகள். அக்குளிலும் முழங்கை மடிப்பிலும் சங்கிலிக் கவசத் துண்டுகளைத் தைக்க வேண்டும். கட்டும் நாடா குறுக்குவில்லின் நாண் திரிக்கும் நூலால் ஆனதாகவும் மெழுகு பூசியதாகவும் இருக்க வேண்டும். மெழுகு எதற்கு? நாடா நீளாது, அறாது. இந்த அளவுக்கு நாடாவைப் பற்றிக் கவலைப்பட்டவர்களை நாம் முரடர்கள் என்று நினைப்பது நியாயமில்லை.

துணி வெறும் உள்ளாடையாக நிற்கவில்லை. ஏழைப் படைவீரனுக்கு அதுவே முழுக் கவசம். பிரான்சின் பதினோராம் லூயி மன்னன் தன் படைக்கு இட்ட ஆணையில் இருபத்தைந்து, முப்பது மடிப்புத் துணியும் மேலே ஒரு மான் தோலும் வைத்த சட்டையைச் சொல்கிறான். புதுத் துணியைவிடப் பயன்படுத்தி மென்மையான பழைய துணியே நல்லது என்றும் அந்த ஆணை சொல்கிறது. ஆகவே கையில் பணம் குறைவாக இருப்பவர்கள் வருந்த வேண்டியதில்லை. நல்ல மெத்தைத் தையல் சட்டை, இரும்புத் தொப்பி, நல்ல கையுறை ஆகிய மூன்றும் இருந்தால் பதினைந்தாம் நூற்றாண்டின் வில்லாளியாகவோ ஈட்டிக்காரனாகவோ முழு நேர்மையோடு களத்தில் நிற்கலாம். ஓட்டை உடைசலான மாவீரர் கோலத்தைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

சட்டை லினனாக இருக்கட்டும், உள்ளே கம்பளியோ பருத்தியோ இருக்கட்டும். பாலியெஸ்டர் வேண்டாம். வியர்வையை உறிஞ்சாது, வெப்பத்தை வெளியே விடாது, முகாம் நெருப்பில் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

தலைக்கவசத்தில் மட்டும் வரலாற்றை ஒரு படி தள்ளி வைக்கச் சொல்வேன். அன்றைய வீரன் கூரான ஆயுதத்திடமிருந்து உயிர் பிழைக்கத் தலைக்கவசம் அணிந்தான். நாம் மழுங்கிய ஆயுதத்தால் வார இறுதிதோறும் அடி வாங்குகிறோம். மூளைக்கு அந்த வேறுபாடு பெரிது. சாதாரண இரும்புத் தகட்டில் செய்தால் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைந்த தலைக்கவசத்தைத் தொடாதீர்கள். பதம் ஏற்றிய ஸ்பிரிங் ஸ்டீல் என்றால் சற்று மெலிதாக இருக்கலாம். தலைக்கும் எஃகுக்கும் நடுவில் எல்லாப் பக்கமும் இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளியைத் தைத்த மெத்தை நிரப்ப வேண்டும். உச்சந்தலை எஃகைத் தொடவே கூடாது. மெத்தைக்குள் தெரியாதபடி நவீன நுரை ஒரு அடுக்கு வைத்துக்கொள்வதை நான் ஆதரிக்கிறேன். அதை மறைத்து வையுங்கள், ஆனால் கேட்பவர்களிடம் வைத்திருப்பதாகச் சொல்லுங்கள். தாடை வார் இல்லாத தலைக்கவசம் முதல் அடியில் திரும்பிக் கண்ணை மறைக்கும். வாங்கும்போது வாரைக் கட்டிக்கொண்டு தலையை வேகமாக ஆட்டிப் பாருங்கள். தலையோடு சேர்ந்து வந்தால் எடுங்கள். அரை நொடி தாமதித்து வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

களத்தில் அதிகம் காயப்படுவது விரல். வாளைப் பிடித்த கை எப்போதும் எதிரிக்கு முன்னால் நீட்டி நிற்கிறது. தோல் கையுறை மட்டும் போட்டுக்கொண்டு எஃகு வாளோடு பழகுவதை எந்தக் குழு அனுமதித்தாலும் நீங்கள் செய்யாதீர்கள். பதினான்காம் நூற்றாண்டின் உடுக்கை வடிவக் கையுறை, மணிக்கட்டில் ஒடுங்கி முழங்கைப் பக்கம் விரியும். விரல் தனித்தனியாகப் பிரிந்தது அழகு; நான்கு விரலையும் ஒன்றாக மூடுவது பாதுகாப்பு. புதியவர்கள் இரண்டாவதை எடுக்கலாம். எதை எடுத்தாலும் வாளின் பிடியைப் பிடித்தபடி கடையிலேயே போட்டுப் பாருங்கள். பிடியோடு தகடு நசுங்கினால் அடி விழும்போது விரல் நசுங்கும்.

கால் கவசத்துக்கு வருகிறேன். விஸ்பியின் காரணமாக எல்லாரும் காலை மூட வேண்டும் என்று சொல்லத் தோன்றும். ஆனால் இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. 2011இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார், அந்நகரின் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் கவசம் பூண்டு பழகியவர்களை ஓடுபொறியில் நடக்கவும் ஓடவும் வைத்து அளந்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டுக் கவசத்தின் நேர்ப்படிகள், 30 முதல் 50 கிலோ வரை. நடக்க ஆகும் ஆற்றல் இரண்டு மடங்குக்கு மேல் போனது. அதே எடையை முதுகில் சுமந்தால் இவ்வளவு ஆகாது. காரணம், எடையின் ஒரு பகுதி காலிலேயே கட்டியிருக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் அதைத் தூக்கி வீச வேண்டியிருக்கிறது. மார்பும் முதுகும் இறுகியிருப்பதால் மூச்சை ஆழமாக இழுக்கவும் முடிவதில்லை, குறுகிய மூச்சாக வேகமாக விடுகிறார்கள். ஆகவே பெரும்பாலான குழுக்கள் செய்வதுபோல முழங்காலுக்குக் கீழே அடிப்பதைத் தடை செய்துவிட்டால், புதியவன் முழங்கால் மூட்டுக் கவசத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அங்கே அடிக்க அனுமதி உண்டு என்றால் முழங்காலுக்குக் கீழேயும் மூடித்தான் ஆக வேண்டும். உங்கள் குழுவின் விதியைப் படித்துவிட்டுக் கால் கவசம் வாங்குங்கள்.

மார்புத் தகட்டில் புதியவர்கள் செய்யும் பிழை நீளம். தொப்புளுக்குக் கீழே இறங்கும் தகட்டைப் போட்டுக்கொண்டு குனிய முடியாது. குனிந்தால் மேல் விளிம்பு தொண்டையில் இடிக்கும். பழைய தகடுகள் விலா முடியும் இடத்தில், இடுப்பு மிகவும் ஒடுங்கும் கோட்டில் நின்றுவிடுகின்றன. அதற்குக் கீழே துணியோ சங்கிலியோ அடுக்குத் தகடோ பார்த்துக்கொள்ளும். அளவு கொடுக்கும்போது மெத்தைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கொடுங்கள். வந்ததும் அணிந்து உட்காருங்கள், குந்துங்கள், வலக் கையால் இடத் தோளைத் தொடுங்கள், தரையில் படுத்து யாருடைய உதவியும் இல்லாமல் எழுந்திருங்கள். இதில் ஒன்று முடியவில்லை என்றாலும் அந்தக் கவசம் உங்களுடையது அல்ல. பிரான்சின் பூசிக்கோ தளபதி கவசத்தோடு குட்டிக்கரணம் போட்டார், ஏணியின் கீழ்ப்பக்கமாகக் கையால் மட்டும் தொற்றி ஏறினார் என்று அவர் காலத்து வரலாறு சொல்கிறது. நாம் எழுந்து நின்றால் போதும்.

சங்கிலிக் கவசத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. வளையத்தின் இரு முனையையும் வெறுமனே சேர்த்து வளைத்த மலிவுச் சரக்கு, அடி விழுந்தால் வாய் பிளந்துகொள்ளும். ஒவ்வொரு வளையமும் ரிவெட் அடித்ததாக இருக்க வேண்டும். ஓர் அங்கிக்கு இருபதாயிரம் வளையத்துக்கு மேல் போகும். அந்த வேலையில் பெரும்பங்கு இன்று நம் இந்தியாவில் நடக்கிறது. டேராடூன் போன்ற ஊர்களில் செய்யும் வாளும் கவசமும் ஐரோப்பாவின் களங்களுக்குக் கப்பலேறுகின்றன. வாங்கும்போது ஓர் இடத்தைப் பார்த்துத் திருப்தி அடையாமல் அக்குள், கழுத்து, விளிம்பு மூன்றிலும் வளையங்களை விரலால் உருட்டிப் பாருங்கள். அணிந்ததும் இடுப்பில் ஒரு பெல்ட்டை இறுக்குங்கள். எடையில் ஒரு பகுதி தோளிலிருந்து இறங்கிவிடும்.

கடைசியாக வாள். அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கை வாள்கள் பெரும்பாலும் ஒன்றேகால் கிலோ அளவில்தான் நிற்கின்றன. இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று பெருமையாக விற்பதை வாங்காதீர்கள். விளிம்பு இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாமல் உருண்டு மழுங்கியிருக்க வேண்டும், முனையும் உருண்டிருக்க வேண்டும். சுவரில் மாட்டுவதற்காகத் துருப்பிடிக்காத எஃகில் செய்யும் அலங்கார வாளில், பிடிக்குள் போகும் நாக்கு மெல்லிய கம்பியாக ஒட்டவைக்கப்பட்டிருக்கும். ஓங்கும்போது அது ஒடிந்தால் வாளின் அலகு பார்வையாளர் கூட்டத்துக்குள் பறக்கும். அதை வாங்கியவர்கள் சுவரிலேயே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் விளிம்பில் விழுந்த பிசிறை அரத்தால் தேய்த்து எடுங்கள். எதிரே நிற்பவன் உங்கள் நண்பன்.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். இந்த ஆண்டு முழுக்க எஃகு எதுவும் வாங்காதீர்கள். குழுவில் இரவல் கேளுங்கள், எல்லாக் குழுவிலும் இரவல் பெட்டி இருக்கும். அதற்குள் உங்கள் ஆண்டையும் ஊரையும் முடிவு செய்து, லினன் வாங்கி, உங்கள் உடம்பின் அளவுக்கு மெத்தைச் சட்டையைத் தைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிந்ததும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு தலைக்கவசம் வாங்கப் போங்கள். எதை வாங்குவது என்று சந்தேகம் வந்தால் என்னிடம் கொண்டுவந்து காட்டுங்கள். வாங்கிய பிறகு வேண்டாம், வாங்குவதற்கு முன்னால் வாருங்கள்.